ஐயாவின் கணக்கு நோட்டில் ஒரு பாக்ஸிங் கொட்டகை: இடத்தைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

பட்டாலைத்தூண் எழுதியது:

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். 31 வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

போன தை மாதம் எங்கள் பங்கு வீட்டில் ஓடு மாற்ற ஆள் விட்டிருந்தோம். இரண்டாம் கட்டு அறையில் சாமான்களை இறக்கும்போது ஐயாவின் தகரப் பெட்டி வந்தது. (எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவரை ஐயா என்போம்.) ஐயா சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய இடம்) அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். 1947ல் மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர், ஒரு வருஷம் கூடவே இருந்துவிட்டு 1951ல் ஊருக்கு வந்தார். அப்புறம் போகவில்லை. எனக்குத் தெரிந்த ஐயா, நெற்றி நிறையத் திருநீறும் மடியில் பேரேடுமாக முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெட்டியில் மேலாக இருந்தது தேவாரப் புத்தகம். அதன் கீழே மூன்று பொருள்கள்.

ஒன்று, சிங்கப்பூர் ஹாப்பி வேர்ல்டு ஸ்டேடியத்தில் நடந்த குத்துச்சண்டை நிகழ்ச்சியின் அச்சடித்த தாள். நாலாக மடித்து, மடிப்பில் பாச்சை அரித்திருக்கிறது. தேதி இருந்த மூலை இல்லை. பின்பக்கத்தில் ஐயா பென்சிலால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் எண் போட்டு, யார் கை ஓங்கியது என்று எழுதியிருக்கிறார். ‘௧ மலாய்ப் பையன். ௨ மலாய்ப் பையன். ௩ சமம். ௪ சீனப் பையன்.’ ஆறாவது ரவுண்டுக்கு ஒன்றும் எழுதவில்லை. எண்ணை மட்டும் போட்டு, அடியில் பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. எழுந்து நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன். அந்தக் கிழிசலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு, உள்ளங்கை அளவு புகைப்படம். இருபது வயசுப் பையன் ஒருவன் மேல்சட்டை இல்லாமல் இரண்டு கையிலும் கிளவுஸ் மாட்டி, இடது கையை முன்னால் நீட்டி நிற்கிறான். கால்சட்டை அவனுக்குப் பெரிசு. இடுப்பில் வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறான். பின்னால் தகரத் தட்டி. தட்டிக்கு மேலே ஒரு வீட்டின் கைப்பிடிச் சுவரும் சுதை பொம்மைகளும் தெரிகின்றன. எங்கள் வீட்டில் யாருக்கும் பையனையும் தெரியவில்லை, வீட்டையும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சுதை வேலை சிங்கப்பூரில் இல்லை, இங்கேதான்.

மூன்றாவது, ஒரு கணக்கு நோட்டு. நந்தன வருஷம் பங்குனி, அதாவது 1953 மார்ச், ஏப்ரல் வாக்கில், ஒரே ஒரு பக்கத்தில் இப்படி: சவுக்குக் கால் 4. தேங்காய்நார்க் கயிறு 220 அடி. காடாத் துணி. உமி 12 மூட்டை. படுதா வாடகை. முக்காலி 2. வாளி 2. துண்டு 2. எலுமிச்சம்பழம். பஞ்சு. குங்கிலியம் அரை வீசை. பெட்ரோமாக்ஸ் 6 வாடகை. த. வரி. எதிர்ப்பக்கத்தில் வரவு: தரை 312 பேர், 4 அணா, பெஞ்சு 64 பேர், 8 அணா, நாற்காலி 18 பேர், 1 ரூபாய். ஆக 128 ரூபாய். செலவு 141. ‘நஷ்டம் 13, சொந்தப் பற்று’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார்.

அப்பா இதைப் பார்த்துவிட்டு ஏதோ கல்யாணப் பந்தல் கணக்கு என்றார். அரிசி பருப்பு ஒரு வரிகூட இல்லாமல் செட்டிநாட்டில் எந்தக் கல்யாணம் நடந்தது? நாற்காலிக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டா மொய் எழுத வந்தவரை உட்கார வைப்பார்கள்? ஐயா இந்த ஊரில் ஒரு பாக்ஸிங் நடத்தியிருக்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

இங்கே எந்த வளவில் எத்தனை பர்மாத் தேக்குத் தூண், எந்த வீட்டுத் தரைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது என்று வழியில் போகிறவர்கூடச் சொல்வார். 394 பேர் காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்த இடம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கல்லில் கட்டியதற்கு வரலாறு உண்டு, தகரத்தில் கட்டியதற்குக் கிடையாதா? அன்றைக்குத் தரையில் உட்கார்ந்த பையனுக்குப் பத்து வயசு என்றாலும் இன்றைக்கு எண்பது தாண்டியிருக்கும். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

இந்தப் பட்டியல் பாக்ஸிங் மேடைக்கானதுதானா? கொட்டகை நின்ற இடத்தை எப்படித் தேடுவது? இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

சிராங்கூன்வாசி எழுதியது:

ஆச்சி, வணக்கம். எனக்குப் பூர்வீகம் தேவகோட்டை, 26 வருஷமாகச் சிங்கப்பூர். உங்கள் முதல் தாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் இங்கே மூன்று ‘வேர்ல்டு’ இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு, 1923ல் வந்தது. கிம் செங் ரோட்டில் கிரேட் வேர்ல்டு, 1931. கேலாங் பக்கம் ஹாப்பி வேர்ல்டு, அதுவும் 1930களில். மூன்றும் ராத்திரிப் பொழுதுபோக்குப் பூங்காக்கள். ஒரே மதிலுக்குள் சினிமா, சீன நாடகம், மலாய் நாடகம், நடனம், சாப்பாட்டுக் கடை, கூடவே பாக்ஸிங், மல்யுத்தம். கிங்காங், தாராசிங் என்று மல்யுத்தக்காரர்கள் பெயரெல்லாம் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அவர்களும் இந்த வட்டாரத்தில் மோதி வளர்ந்தவர்கள்தான். ஹாப்பி வேர்ல்டில் கூரை போட்ட ஸ்டேடியம் இருந்தது, மழை பெய்தாலும் சண்டை நிற்காது. 1950களில் தாமஸ் கோப்பை பாட்மிண்டன் போட்டி நடந்ததும் அங்கேதான். பகலெல்லாம் கிட்டங்கியில் பெட்டியடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வட்டி எழுதுகிற மனிதருக்குச் சாயங்காலம் இது எவ்வளவு பெரிய உலகம் என்று யோசித்துப் பாருங்கள்.

1960களில் அதன் பெயரைக் கே வேர்ல்டு என்று மாற்றினார்கள். இப்போது கட்டடம் இல்லை. நியூ வேர்ல்டு இருந்த இடத்தில் சிட்டி ஸ்கொயர் மால் நிற்கிறது, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளும் 1970களில் போய்விட்டன.

தாளின் தேதி மூலை இல்லாவிட்டாலும் கிழமை எங்காவது அச்சாகியிருக்கிறதா பாருங்கள். நாளும் மாதமும் கிழமையும் இருந்தால் போதும், 1947க்கும் 1951க்கும் நடுவில் எந்த வருஷம் என்று நாட்காட்டியே சொல்லிவிடும். அதை வைத்துச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தேடுங்கள். கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசும் அங்கே இருக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: சண்டைக்காரர் பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அவர்களில் பலர் ‘யங்’, ‘கிட்’, ‘பேட்லிங்’ என்று பட்டப்பெயரில்தான் இறங்கினார்கள், எழுத்தும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும். ஸ்டேடியத்தின் பெயரோடு தேடுங்கள். ஐயா குறித்த ரவுண்டுக் கணக்கும் மறுநாள் பத்திரிகைக் கணக்கும் ஒத்துப்போனால் எங்களுக்கும் சொல்லுங்கள் ஆச்சி.

---

பேசின்பிரிட்ஜ் எழுதியது:

டீச்சரம்மா, நான் வடசென்னைக்காரன். வேலைக்காகக் காரைக்குடி வந்து ஆறு வருஷம் ஆகுது. எங்க தாத்தா பாக்ஸிங் கத்துக்கிட்டவர், எங்கப்பா மூலையில தண்ணி குடுத்தவர். உங்க பட்டியலைப் படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அது பாக்ஸிங் ரிங்கேதான். சந்தேகமே வேண்டாம்.

கயித்துல ஆரம்பிங்க. ரிங்கு பக்கத்துக்கு 16 அடியிலேர்ந்து 20 அடி வரைக்கும் இருக்கும். சின்னதா 16னே வைங்க, நாலு பக்கம் 64. இப்ப நாலு கயிறு கட்டறாங்க, அப்ப மூணுதான். 64ஐ மூணால பெருக்கினா 192. மிச்சம் 28 அடி நாலு கால்லயும் சுத்தி முடிச்சுப் போட. 220 சரியா வந்துடுச்சா? நார்க்கயித்துல முதுகு உரசினா தோல் வழண்டுடும், அதுக்குத்தான் காடாத் துணி, கயித்து மேல சுத்தறதுக்கு. உமியைக் கொட்டிப் பரப்பி, மேல படுதாவை இழுத்துக் கட்டுவாங்க. விழுந்தா மண்டை தரையில அடிபடக் கூடாது.

முக்காலி ரெண்டு, வாளி ரெண்டு, துண்டு ரெண்டு. எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு பாத்தீங்களா? ஆளுக்கு ஒரு மூலை. ரவுண்டு மூணு நிமிஷம், நடுவுல ஒரு நிமிஷம் முக்காலியில உக்காருவான். அந்த ஒரு நிமிஷத்துல முகத்தைத் தொடைச்சு, எலுமிச்சம்பழத்தைக் கடிக்கக் குடுத்து, மூக்குல ரத்தம் வந்தா பஞ்சு வச்சு, காதுல ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பணும். எங்கப்பா அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தி மட்டும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசுவார்.

குங்கிலியம் சாமிக்குப் போட வாங்கினது இல்லம்மா. பொடி பண்ணி ஒரு தட்டுல கொட்டி மூலையில வைப்பாங்க. ஏறும்போது அதுல காலைத் தேச்சுட்டு ஏறினா படுதாவுல வழுக்காது. எங்க தாத்தா எந்தக் கோயில்ல குங்கிலிய வாசனை வந்தாலும் இடது தோளைக் கொஞ்சம் தூக்குவார், அவரை அறியாம. நாங்க சின்னப் பசங்க அதைப் பாத்துட்டே இருப்போம்.

எங்க ஊர்லயும் இதே கதைதான். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரைன்னு குழுவோட பேர் நின்னுது, சண்டை நடந்த இடத்துல ஒரு பலகைகூட இல்லை. பெரியமேட்டுப் பக்கம் கண்ணப்பர் திடல்னு சொன்னா பழைய ஆளுங்களுக்குப் போதும், டிக்கெட் போட்டு ஜனங்க நெருக்கியடிச்சு உக்காந்த இடம். 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட கண்காட்சிச் சண்டை போட்டதை எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி திடல்ல ரத்தம் சிந்தினவங்களைப் பத்திக் கேட்டா வீட்டுக்கு வீடு வேற வேற கதை. எழுதி வச்சவங்க ரொம்பக் கம்மி. உங்க ஐயா எழுதி வச்சிருக்கார். அந்த நோட்டைப் பத்திரமா வச்சுக்குங்கம்மா. எனக்கு ஒரு தடவை நேர்ல பாக்கணும்.

---

பழைய தபால் எழுதியது:

வருவாய்த்துறையில் எழுத்தராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். அம்மையார் கேட்ட இடம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

‘த. வரி’ என்பது தமாஷா வரி. கேளிக்கை வரியை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் 1939ஆம் வருஷச் சட்டப்படி வந்தது. டிக்கெட் போட்டு நடத்தும் எந்த நிகழ்ச்சிக்கும் உண்டு. உங்கள் ஐயா வரி கட்டியிருக்கிறார் என்றால் ஒளித்து நடத்தவில்லை, அனுமதி வாங்கி நடத்தியிருக்கிறார். அடைப்புப் போட்ட இடத்தில் ஜனங்களைக் கூட்டினால் 1888ஆம் வருஷப் பொது இடங்கள் சட்டப்படி உரிமமும் வேண்டும்.

ஆனால் உரிமக் கோப்பைத் தேடி அலையாதீர்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு முடிந்ததும் அதற்கு ஆயுள் எழுதிவிடுவோம். எல்.டிஸ் என்றால் ஒரு வருஷம், கே.டிஸ் மூன்று, டி.டிஸ் பத்து, ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். ஒரு ராத்திரி பாக்ஸிங்குக்கு யாரும் ஆர்.டிஸ் எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நகராட்சி மன்றத்தின் தீர்மானப் புத்தகம். காரைக்குடி 1928லிருந்து நகராட்சி, 2024ல் மாநகராட்சி ஆனது. மன்றத் தீர்மானங்கள் அழிக்கப்படுவதில்லை. நகராட்சிப் பொட்டலை வாடகைக்கு விட்டிருந்தால் 1953 பிப்ரவரி, மார்ச் கூட்டத்தில் ஒரு வரி இருக்கும். தனியார் மனை என்றால் சொத்துவரிப் பதிவேட்டில் ‘தகரக் கொட்டகை’ என்று குறித்திருப்பார்கள்.

மாவட்டப் பதிவு வேண்டுமென்றால் சிவகங்கைக்குப் போய்ப் பயனில்லை. 1985 வரை நாம் ராமநாதபுரம் ஜில்லா, அந்தக் கலெக்டர் அலுவலகம் இருந்தது மதுரையில். பலர் ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் நடந்து கால் தேய்ந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீசு அடித்திருப்பார்கள். அதற்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அவர் நம் கோட்டையூர்க்காரர். புத்தகம் மட்டும் இல்லை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரை மற்றவர்கள் கழித்ததையெல்லாம் சேர்த்தவர். 1992ல் அவர் காலமான பிறகு சிக்காகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. ஊரின் பெயரையும் வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

---

முனீஸ்வரன்கோயில்தெரு எழுதியது:

ஆச்சி, நான் பழைய சாமான் கடையில் வேலை பார்க்கிறவன். போட்டோவில் தெரியும் சுதை பொம்மைகளில் கஜலட்சுமியைப் பார்க்காதீர்கள், அது வீட்டுக்கு வீடு உண்டு. பக்கத்தில் காவலுக்கு என்ன நிற்கிறது என்று பாருங்கள். சிப்பாயா, சிங்கமா, தோழிப் பெண்ணா. சிப்பாய் என்றால் துப்பாக்கி எந்தத் தோளில், தொப்பி எப்படி. சுதை ஆசாரிகள் ஒரே சிப்பாயை இரண்டு வீட்டுக்குச் செய்ய மாட்டார்கள், வீட்டுக்காரர் விட மாட்டார். கல்யாணத்துக்குக் கல்யாணம் வெள்ளையடித்து மூக்கு மழுங்கியிருக்கும், சாயம் மாறியிருக்கும். தோளும் தொப்பியும் மாறாது.

இன்னொன்று, நம் வீடுகள் தெருவுக்குத் தெரு ஓடும். முகப்பில்தான் பொம்மை, பின்வாசலில் கிடையாது. அதனால் கொட்டகை அந்த வீட்டு முகப்புக்கு எதிர்மனையில் இருந்திருக்க வேண்டும்.

---

பட்டாலைத்தூண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேசின்பிரிட்ஜ் தம்பி, கயிற்றுக் கணக்கை அப்பாவிடம் பென்சிலும் தாளும் கொடுத்துப் போடச் சொன்னேன். 192 வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, “அப்பச்சி என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். (அப்பச்சி என்றது அவருடைய அப்பாவை, அதாவது ஐயாவை.) அவருக்கு 83. அந்தப் பங்குனியில் பத்து வயசு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், நோட்டும் இருக்கும், அப்பாவும் இருப்பார்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டு சிப்பாய்கள். ஒருவனுக்குத் துப்பாக்கி வலது தோளில். மற்றவன் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருக்கிறான். ஒன்பது நாள் காலை வெயில் ஏறுமுன் தெருத் தெருவாகக் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பால்காரர் என் கழுத்துக்கு என்ன என்று விசாரித்தார். பத்தாம் நாள், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெருவிலேயே கண்டுபிடித்தேன். எத்தனை முறை அந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன்! ஊன்றிய துப்பாக்கி உடைந்து, சிப்பாய் வெறுங்காற்றில் கை வைத்திருக்கிறான். வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில்.

எதிர்மனை காலி. சீமைக்கருவேல் மண்டி, ஓரத்தில் ஒரு பழைய வேம்பு. அந்தத் தெருவில் இடியாப்பம் விற்கும் அம்மாளிடம் கேட்டேன். அவர் மாமியார் சொல்வாராம், “தகரத்தை வேம்போட சேத்துக் கட்டுவாக, அந்தப் பக்கம் நின்னா காசில்லாமப் பாக்கலாம்” என்று. மரத்தைச் சுற்றி வந்தேன். என் இடுப்பு உயரத்தில் பட்டை உதடு மாதிரி இரண்டு பக்கமும் தடித்து மூடியிருக்கிறது, நடுவில் துருப்பிடித்த கம்பி அரை விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே ஓரடி தள்ளி இன்னொரு கம்பி.

ஒரு ராத்திரிக்குக் கட்டிய கம்பியை மறுநாள் அவிழ்த்திருப்பார்கள். மரத்துக்குள் போகும்வரை விட்டிருக்கிறார்கள் என்றால் அங்கே பல தடவை கூட்டம் கூடியிருக்கிறது. ஐயா நடத்தியது அதில் ஒன்று.

புதன்கிழமை தீர்மானப் புத்தகம் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய தபால் ஐயா சொன்னபடி 1953 பிப்ரவரியில் தொடங்குவேன். முன்னும் பின்னும் இரண்டு இரண்டு வருஷம் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். மரத்தை யாரும் வெட்டுவதற்குள் கம்பியைப் படம் எடுத்து, அளவு குறித்து இங்கே போடுகிறேன். பையனின் படத்தையும் போடுவேன். அந்த இடுப்புத் துணியில் கரை இரட்டைப்பேட்டு மாதிரி தெரிகிறது. காரைக்குடி, கோட்டையூர், புதுவயல் பக்கம் யார் வீட்டிலாவது, இடது கையை முன்னால் நீட்டி நிற்கிற ஒரு தாத்தாவின் படம் இருந்தால் சொல்லுங்கள்.